வெளியே போகும் சூடு

பின்சந்தில் நின்று அண்ணாந்து தன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பது கணேசலிங்கத்தின் மாரிகால வழக்கம். மொன்றியலின் வில்லரேயில் அந்த வரிசை வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எல்லாக் கூரையிலிருந்தும் புகை போகும். அவர் கண்ணுக்குத் தன் வீட்டுப் புகை மட்டும்தான் தெரியும்.

"பார் மலர், எங்கட சூடு ஆகாயத்துக்குப் போகுது. கீழ ஒருத்தி நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். இவர் வானத்தைச் சூடாக்கிறார்" என்று, வீட்டைச் சூடாக்க எண்ணெயில் எரியும் அந்தப் பழைய பேர்னஸைத் திட்டுவார், ஏதோ அது வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஊதாரி மைத்துனன் போல.

கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தது அவருடைய தங்கை புஷ்பராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான். கணவன் யோகேந்திரன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். இவளுக்குக் கிடைத்தது வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ற் அறை. சுவருக்கு அந்தப்பக்கம் பேர்னஸ் இருந்தும் அறைக்குள் குளிர் சீமெந்துத் தரையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு சோடிக் காலுறை, கம்பளித் தொப்பி, அதற்கு மேல் போர்வை என்று அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கணேசலிங்கத்தின் ஒன்பது வயது மகள் சாருஜாவுக்குச் சிரிப்பு வரும். "மாமி பனிமனிசன் மாதிரி" என்பாள்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவர் தன் பழைய வீட்டை இடித்தபோது அந்தப் பெட்டி கணேசலிங்கத்தின் கைக்கு வந்தது. பேர்னஸின் புகைக்குழாயை நடுவில் வெட்டி இடையில் பூட்ட வேண்டிய தகரப் பெட்டி. உள்ளே குறுக்காக மெல்லிய குழாய்கள் வரிசையாக இருக்கும். பின்னால் ஒரு சிறிய விசிறி. போகிற புகை அந்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது அவை சூடாகும். விசிறி அறைக்காற்றை அவற்றுக்குள்ளால் தள்ளும். மறுபக்கம் இளஞ்சூடான காற்று வரும். புகை தன் வழியே போகும், சூடு மட்டும் வீட்டில் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை முழுக்க நிலத்தில் கிடந்து அதைப் பூட்டினார். மாலையில் சுவரில் ஓட்டை போட்டு அறைக்குள் காற்றைத் திருப்பியதும் புஷ்பராணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணை, ஊர் வெயில் மாதிரிக் கிடக்கு."

கணேசலிங்கம் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி நின்றார். மனைவி சிவமலர் அவர் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்து நெடுநாள். யன்னல்களுக்கு இந்த ஊர் வழக்கப்படி மெல்லிய பிளாஸ்ரிக் ஒட்டி, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் ஊதி இறுக்கியாயிற்று. கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாயிற்று. இனி ஒரு பொட்டுச் சூடும் வெளியே போகாது.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது.

புஷ்பராணி கடும் விரதம். ஆறு நாளும் தேசிக்காய்த் தண்ணீர் மட்டும். யோகேந்திரனின் விசாவுக்கான நேர்த்தி அது. சிவமலர் பகலில் ஒன்றும் தொடாமல் இரவில் பாலும் பழமும் எடுத்தாள். கணேசலிங்கம் ஒருநேரச் சோறு. சாருஜாவுக்கு விரதமே இல்லை. வீட்டில் இப்போது சூடான இடம் கீழறைதான் என்பதால் சாமிப் படங்களை அங்கே இறக்கி வைத்தார்கள். காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டுப் பாராயணம் நடந்தது.

மாடிப்படித் தலைப்பில் சுவரோடு இரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன, வீட்டை விற்றவர் விட்டுப்போனவை. ஒன்று புகை வந்தால் கத்தும். மற்றது எதற்கென்று யாரும் கேட்டதில்லை. முதல்நாள் பூசையிலேயே முதலாவது கத்தத் தொடங்கிவிட்டது. கணேசலிங்கம் கதிரையில் ஏறிப் பற்றரியைக் கழற்றினார்.

"முருகன் வாறதுக்கு முந்திப் பொம்பியே வந்து நிப்பான்" என்றார். தீயணைப்புக்காரரை மொன்றியலில் தமிழரும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் சிவமலர் வேலையால் வந்தபோது புஷ்பராணி சொன்னாள்: "மத்தியானம் மற்றதும் கத்திச்சுது மச்சாள். காலமை போட்ட சாம்பிராணி மணம் இன்னும் போகேல்லையாக்கும். பயந்துபோனன். கழட்டித் துவாயால சுத்தி லாச்சிக்குள்ள வைச்சிட்டன்."

"நல்லது" என்றாள் சிவமலர்.

பிறகு அந்தச் சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியாமல் போனது.

மூன்றாம் நாளிலிருந்து எல்லாருக்கும் தலையிடி. விரதத் தலையிடி என்றார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெறுவயிற்றில் தேத்தண்ணீரும் இல்லாமல் இருந்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்? கணேசலிங்கம் நெற்றியில் சித்தாலேப தைலம் பூசிக்கொண்டார். புஷ்பராணிக்குப் படியேறும்போது கால் பின்னியது. விளக்கேற்றப் போய்த் தீக்குச்சியை விரலோடு எரியவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவமலர்தான் பாய்ந்து ஊதினாள்.

"சுடேல்லையோ?"

"சுட்டதுதான் மச்சாள். என்ன செய்யவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

அப்போதே சிவமலருக்குப் பயம் பிடித்தது. ஆனால் அந்தப் பயம் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்தாள். பாலாவது குடி என்று சொல்லி, விரதம் முறிந்து, நாளைக்கு விசா மறுக்கப்பட்டால் பழி தன் தலையில் விழுமே என்று அதைவிடக் கூடப் பயந்தாள். வாயைத் திறக்கவில்லை. இரவு நித்திரையில்லாமல் கிடந்து கீழே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். விசிறியின் முனகல் மட்டும் கேட்டது.

யன்னல் பிளாஸ்ரிக்கின் உள்பக்கம் தண்ணீர் துளித்துளியாக வடிந்தது. வீட்டில் இவ்வளவு நாளும் காணாத ஈரம். அதையும் பார்த்தாள், துடைத்தாள்.

ஆறாம் நாள் சூரன்போர். காலையில் சாருஜா தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, சாப்பிட்ட பாணைச் சத்தி எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ வயிற்றுக் காய்ச்சல் பரவுகிறதாம் என்று சிவமலர் நினைத்தாள். கீழே போனால் புஷ்பராணிக்கு எழும்பவே முடியவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"நீங்கள் போட்டு வாங்கோ மச்சாள். நான் படுத்திருந்தே கும்பிடுறன்."

சிவமலர் அவளுக்கு இன்னொரு போர்வை போர்த்தினாள். விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, சேலைச் சுருளைக் கதவடியில் காலால் நெருக்கித் தள்ளினாள், குளிர் உள்ளே போகாமல்.

கோவில் நகரத்தின் மேற்கே தூரத்தில் இருந்தது. மண்டபத்தில் சனம் நெருக்கியடித்தது. வெளியே பனி கொட்டியதால் போர் உள்ளேயே நடந்தது. தவில் கூரையில் முட்டித் திரும்பியது. ஆள் உயரச் சூரனைத் தோளில் ஏற்றிய பத்துப் பேர் முன்னும் பின்னும் ஓடி அதை ஆட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்தடியில் நின்றவர் கணேசலிங்கம்.

யானைமுகம் விழுந்தபோது சிவமலர் கைகூப்பினாள். சிங்கமுகம் விழுந்தபோது ஒன்றைக் கவனித்தாள். தலை இடிக்கவில்லை.

முதலில் கண்ணீர் வந்துவிட்டது. முருகா, எடுத்துவிட்டாய் என்று நினைத்தாள். நாலு நாள் நெற்றிக்குள் இருந்த ஆப்பைப் பிடுங்கியது போல இருந்தது. அதே நேரம் பெடியளோடு சேர்ந்து தூணைச் சுற்றி ஓடிய சாருஜா அவளில் வந்து மோதினாள். வாய் நிறையக் கடலை.

"உனக்குச் சத்தி எல்லோ?"

"போயிட்டுது அம்மா. தலையும் நோகேல்லை."

அவள் ஓடிவிட்டாள். சிவமலர் நின்ற இடத்திலேயே நின்றாள். இவளுக்கு ஏன் தலை நொந்தது? இவள் விரதமில்லையே. மூன்று வேளையும் தின்கிறவள்.

பிறகு எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. அவள் வேலை செய்தது ஜான்-டலோன் சந்தையில் ஒரு பழக்கடையில். வெறுவயிற்றோடு நாள் முழுக்க நின்று அப்பிள் பெட்டி தூக்கியபோது அங்கே தலை இடித்ததில்லை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் இடித்தது. மாரியில் கடையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் திரை கட்டி உள்ளே காஸ் ஹீற்றர் வைப்பார்கள். எவ்வளவு குளிர் என்றாலும் முதலாளி மதாம் திரையின் ஒரு மூலையைத் திறந்தே வைப்பாள். யாராவது மூடினால் கத்துவாள். தலை வலித்தால் என்னிடம் சொல்லாதே, முதலில் வெளியே ஓடு, பிறகு சொல் என்பாள். சிவமலரும் மற்றப் பெட்டையளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

மத்தியானம் மற்றதும் கத்திச்சுது மச்சாள்.

மத்தியானம் சாம்பிராணி இல்லை.

நல்லது, என்று அவள் சொல்லியிருந்தாள்.

சனத்தைப் பிளந்துகொண்டு சூரனிடம் போனாள். தடி முன்னால் வந்தது, பின்னால் போனது. "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" தவிலுக்குள் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அடுத்தமுறை தடி வந்தபோது கணவனின் இடுப்புச் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா, விசரே உனக்கு?"

"புஷ்பம்! வீட்டுக்குப் போகவேணும்! உங்கட பெட்டி!"

"என்ன பெட்டி? சூரன் செத்தாப் பிறகு வாறன், தள்ளி நில்!"

சூரன் அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "பிள்ளை, உனக்குச் சாமி வந்திட்டுதோ?" என்று தோளைப் பிடித்தாள்.

கைத்தொலைபேசி கணேசலிங்கத்தின் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டு, வாசல் மண்டபத்தில். அங்கே போய்ப் பார்த்தபோது அழுகை வந்தது. நூற்றுக்கணக்கான கோட்டுகள். எல்லாம் கறுப்பு. எல்லாம் நனைந்து கனத்து ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. பைகளுக்குள் கையை விட்டாள். யாரோவின் கையுறை, யாரோவின் திறப்பு, விபூதிப் பொட்டலம், இனிப்பு. "என்ன தங்கச்சி தேடுறியள்?" என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே தவில் வேகமெடுத்தது. கீழறையில் அந்தச் சிவந்த கன்னம். தானே இழுத்துப் போர்த்திய போர்வை. தானே கூட்டிவைத்த விசிறி. ஒரு கோட்டுக் கையில் பேர்னஸ் எண்ணெய் மணத்தது. முகத்தை அதில் புதைத்து மணந்து பார்த்தாள். அதுதான்.

வீட்டு இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, பிறகு பதிவுக் கருவியில் சாருஜாவின் குரல்: "பொன்ஜூர், வணக்கம், நாங்கள் இப்ப வீட்டில் இல்லை..." மறுபடி அழுத்தினாள். "பொன்ஜூர், வணக்கம்..."

ஒன்பது, ஒன்று, ஒன்று.

அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு. பழங்களின் பெயர், நிறை, விலை, பழுத்தது, பழுக்காதது, கெட்டுப்போனது. மறுமுனைப் பெண் முகவரி கேட்டாள், சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சிவமலர் தன்னிடமிருந்த சொற்களை எல்லாம் அள்ளிப் போட்டாள். "வீட்டுக்குள்ளே காற்று கெட்டுப்போச்சு மதாம். சூடாக்கிற மெஷின். எல்லாருக்கும் தலைவலி. ஒரு பெண் கீழே படுத்திருக்கிறாள். போன் எடுக்கிறாளில்லை."

பிறகு அந்தக் குரல் மாறியது. "விளங்கிவிட்டது மதாம். அனுப்பிவிட்டேன். நீங்கள் உள்ளே போகக்கூடாது. கேட்கிறதா? போகவே கூடாது."

போகக்கூடாது என்ற அந்தச் சொல்லில்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை எங்கோ ஒரு மூலையில், நான் பைத்தியக்காரி, வீட்டில் அவள் நித்திரை கொள்கிறாள், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

சூரன் செத்தபின் கணேசலிங்கம் வியர்வையோடு வந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் கறுத்தது.

"ஆரைக் கேட்டு அவங்களுக்கு அடிச்சனி? நானே வெட்டிப் பூட்டின சாமான். வந்து பார்த்தாங்கள் எண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போவாங்கள். விரதக்காரி நித்திரை கொள்ளுறாள், அதுக்கு..."

"நித்திரை கொண்டால் நல்லது. காரை எடுங்கோ."

பெருஞ்சாலையில் பனி கண்ணாடியை அறைந்தது. வேட்டிக்கு மேல் கோட்டோடு அவர் ஓட்டினார். பின்னால் சாருஜா இருந்தாள். சிவமலர் திரும்பத் திரும்ப வீட்டு இலக்கத்தை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் மகளின் உற்சாகமான குரல், நாங்கள் இப்ப வீட்டில் இல்லை. கடைசியில் சாருஜா காதைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, நிப்பாட்டுங்கோ."

வழியில் பாதிதூரம் போனபின் கணேசலிங்கம் தானாகவே சொன்னார்: "பெட்டியைத் துடைச்சுத்தானே பூட்டினனான்."

"உள்ளுக்கையும் துடைச்சனீங்களோ?"

துடைப்பான் இரண்டு மூன்று தரம் கண்ணாடியில் போய்வந்தது.

"உள்ளுக்கை கை போகேல்லை" என்றார்.

அவர் காலை அழுத்தினார். கார் வழுக்கிக் கொஞ்சம் பக்கவாட்டில் போய்த் திரும்ப நேரானது. சிவமலர் அதற்குப் பயப்படவில்லை. பயப்பட இடம் மிச்சமில்லை.

தெருமுனையிலேயே சிவப்பு வெளிச்சம் பனியில் சுழன்றது. அயல்வீட்டுக்காரர்கள் போர்வையோடு நடைபாதையில் நின்றார்கள். வீட்டுக் கதவு பிளந்து கிடந்தது. யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கிழிந்த பிளாஸ்ரிக் வெளியே படபடத்தது. ஒரு கிழமையாக ஒரு பொட்டும் வெளியே விடாமல் காத்த சூடு முழுக்க ஒரேயடியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

உள்ளிருந்து தூக்குக் கட்டிலில் அவளைக் கொண்டுவந்தார்கள். போர்வைக்கு மேலே முகம் தெரியவில்லை. முகத்தை மூடியிருந்தார்கள்.

கணேசலிங்கம் ஒரு சத்தம் போட்டார். தமிழும் இல்லை, வேறொன்றும் இல்லை. பனியில் முழங்காலில் விழுந்தார்.

சிவமலர் ஓடிப்போய்த்தான் கண்டாள். மூடியிருந்தது துணி அல்ல, காற்று கொடுக்கிற முகமூடி. அதன் உள்பக்கம் மூச்சு வெள்ளையாகப் படிந்தது, மறைந்தது. திரும்பப் படிந்தது.

"உயிரோட இருக்கிறாள்" என்றாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "எழும்புங்கோ, உயிரோட இருக்கிறாள்!"

பொம்பியே ஒருவர் கையில் ஒரு சிறிய கருவி வைத்திருந்தார். அதில் தெரிந்த எண்ணைக் காட்டி என்னவோ வேகமாகச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "மாமியை இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எண்டு சொல்லுறார்" என்று சாருஜா தொடங்கி, முடிக்காமல் தாயின் கோட்டுக்குள் முகத்தை மறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் வேறொரு பயம் காத்திருந்தது. இளம் டொக்டர் பெண் ஒருத்தி கேட்டாள்: "கடைசியாக எப்போது சாப்பிட்டார்?" சிவமலர் விரல்விட்டுக் காட்டினாள். டொக்டர் எழுதுவதை நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வேட்டியோடும் வெறுங்காலில் பனிச்சப்பாத்தோடும் நின்ற கணேசலிங்கத்தைப் பார்த்தாள். தாங்கள் அவளைப் பட்டினி போட்டதாக நினைக்கிறாள் என்பது சிவமலருக்குப் புரிந்தது. "கடவுளுக்காக" என்றாள். "அவளே விரும்பி. இன்றைக்கு முடிந்துவிட்டது." டொக்டர் என்ன நம்பினாளோ தெரியாது. மூவருடைய கையிலும் இரத்தம் எடுத்து, மூவருக்கும் அதே மாதிரி முகமூடி மாட்டிவிட்டாள்.

விடியப்போகும் நேரம் புஷ்பராணி கண் திறந்தாள். வாய் வறண்டிருந்தது. சிவமலர் குனிந்தாள்.

"தலையிடி இல்லை மச்சாள்" என்றாள் அவள். "சூரன்போர் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப பாறணைக்கு நேரமாச்சு. அண்ணை என்ன, ஏன் உங்க மூலையில நிக்கிறார்?"

கணேசலிங்கம் கிட்ட வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாதி கொண்டுவந்த அப்பிள் சாற்றைச் சிவமலர் கரண்டியால் ஊட்டினாள். அதுதான் பாறணை.

பேர்னஸ் திருத்துகிறவர் வந்து பெட்டியைக் கழற்றி முற்றத்துப் பனியில் வைத்து ஓரத்தைப் பெயர்த்துக் காட்டினார். குழாய்களுக்கு இடையில் கரி வெல்வெற் துணிபோல அடைந்து கிடந்தது. கொஞ்சம் முன்னைய வீட்டுக்காரனுடையது, மிச்சம் இவர்களுடையது. சூட்டை இழந்து பாரமான புகை அதைத் தாண்டி ஏற முடியாமல் திரும்பி வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. திருத்துகிறவர் திட்டவில்லை. தன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கணேசலிங்கத்திடம் சொன்னார், பெயரோடு.

வீடு முழுக்க இப்போது வெள்ளை வட்டங்கள். எது புகைக்கு, எது கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத நச்சுவாயுவுக்கு என்று சாருஜாவுக்கும் தெரியும். புஷ்பராணி மேலே அவளோடு படுக்கிறாள். கம்பளித் தொப்பி திரும்ப வந்துவிட்டது. யோகேந்திரன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து விரதம் எப்படி என்று கேட்டபோது, "நல்லா முடிஞ்சுது" என்றாள்.

கணேசலிங்கம் இப்போது பின்சந்துக்குப் போவதில்லை. போவது சிவமலர். சந்தைக்குக் கிளம்புமுன், வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் பனிக்குள் நின்று கூரையைப் பார்ப்பாள். சில காலைகளில் பேர்னஸ் ஓய்ந்திருக்கும், புகை இருக்காது. வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தாலும் நகரமாட்டாள். பிறகு உள்ளே எங்கோ அது பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும். புகைபோக்கியின் வாயில் முதலில் காற்று மட்டும் நெளியும், பின் வெள்ளையாக ஒரு இழை எழும்பும், தடிக்கும், மற்ற வீட்டுப் புகைகளோடு சேர்ந்து வானத்துக்குப் போகும்.

போ, என்பாள் அவள். போ.